தகரப்பெட்டியில் தாமிரம்

கழுகு எந்தத் தபால்தலையையும் ஐந்து விநாடிக்கு மேல் பார்க்க மாட்டார்.

ஐந்து விநாடி. அவ்வளவுதான். தலையைத் திருப்பிக்கொண்டு, சுவரில் தொங்கும் சாம்பல் நிறத் துணியைப் பத்து விநாடி பார்ப்பார். பிறகு மறுபடி தபால்தலை. "ஒரே நிறத்தை முறைச்சுக்கிட்டே இருந்தா கண்ணுக்கு அலுத்துப் போயிடும். அலுத்த கண்ணு பொய் சொல்லும்" என்பார்.

அப்படிப்பட்டவர் அன்று தபால்தலைக் கண்காட்சியில் நூலகரின் கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் நின்று, கடைசி வரிசையில் கடைசியாக இருந்த தபால்தலையைப் பன்னிரண்டு விநாடி பார்த்தார்.

நூலகர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். ஆறாவது விநாடியில் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று நினைத்தார். ஒன்பதாவது விநாடியில் இல்லை என்று தெரிந்துவிட்டது. பன்னிரண்டில் கழுகு திரும்பினார். சாம்பல் துணியைப் பார்க்கவில்லை. நூலகரைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, பென்சிலால் எழுதி, சட்டத்தின் ஓரத்தில் செருகிவிட்டு நகர்ந்தார்.

சீட்டில் இரண்டே வார்த்தை. 'நிறம் மாற்றப்பட்டது.'

தபால்தலைச் சங்கத்தில் அந்த இரண்டு வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். திருடன்.

சங்கம் என்றால் பெரிய கட்டடமில்லை. தையல் கடைக்கு மேலே ஒரு மாடி அறை, வடக்குப் பார்த்த இரண்டு ஜன்னல், அறுபது நாற்காலி, நாற்பது உறுப்பினர்கள். அந்த நாற்பது பேரில் நிறம் பார்க்கத் தெரிந்தவர் கழுகு ஒருவர்தான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கண்ணுக்காகக் கிடைத்த பட்டப்பெயரை முதலில் கோபித்துக்கொண்டார், பிறகு கையெழுத்தே அப்படிப் போட ஆரம்பித்துவிட்டார்.

நூலகர் சேர்ப்பது ஒரே ஒரு தபால்தலை. கப்பல் படம் போட்ட இரண்டு காசு ஆரஞ்சு. ஒன்பது வருஷம் அச்சடித்தார்கள். ஒவ்வொரு முறையும் மை கலக்குகிறவர் கை கொஞ்சம் முன்னே பின்னே போனதில், ஒரே ஆரஞ்சு பதினாலு ஆரஞ்சாகிவிட்டது. பப்பாளி, பூசணி, அந்தி, செங்கல், துரு என்று ஒவ்வொன்றுக்கும் சங்கத்தில் ஒரு பெயர். சாதாரண ஆள் பார்த்தால் எல்லாம் ஆரஞ்சு. நூலகருக்கு அவை பதினாலு பிள்ளைகள். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

பதினாலாவது பிள்ளை தாமிரம். ஒரே ஒரு மாதம் அச்சான நிறம். சங்கத்தில் ஒரே ஒரு தாமிரம்தான் இருந்தது. அது கழுகின் தகரப்பெட்டியில், நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி அட்டைகளோடு. அந்த நிறத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான், பெயர் வைத்தவரும் அவர்தான்.

இரண்டாவது தாமிரம் பழைய பேப்பர் கடையில் வாங்கிய ஒரு தோட்டக்கலைப் புத்தகத்துக்குள், பக்க அடையாளத்துக்கு வைத்த உறையின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. நூலகர் அதைப் பார்த்த அன்று சோறு இறங்கவில்லை. அதைத்தான் கண்காட்சியில் கடைசி இடத்தில் வைத்தார். வைத்த கைக்கு விலங்கு வந்தது.

மருந்துக் கடைக்காரரான செயலாளர் நூலகரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"சார், விதி உங்களுக்கே தெரியும். நிறம் மாத்தின ஸ்டாம்பை காட்சிக்கு வெச்சவர் பேரை பொதுக்கூட்டத்துல உரக்கப் படிச்சு, பதிவேட்டுல அடிக்கணும். வர்ற ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம்."

"நான் மாத்தலைங்க."

"நான் நம்பறேன். ஆனா கழுகு சொன்னதுக்கு மேல அப்பீல் ஏது?"

கழுகு ஜன்னலோரம் நின்றபடி சொன்னார். குரலில் கோபமே இல்லை. அதுதான் நூலகருக்கு அதிகம் வலித்தது.

"பழைய ஆரஞ்சு மையில ஈயம் இருக்கு. கந்தகப் புகை காட்டினா பழுப்பேறும். உங்களுது அந்தி ஷேடை விட அடர்த்தி, என் தாமிரத்தை விட வெளிறல். அப்படி ஒரு நிறத்தை யாரும் அச்சடிக்கலை சார். யாரோ பாதி வேக வெச்சு இறக்கி இருக்காங்க. அது நீங்களா, உங்களுக்கு முன்னாடி வெச்சிருந்தவரான்னு எனக்குத் தெரியாது."

---

வீட்டில் மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு, "உறையோட விட்டிருந்தீங்கன்னா?" என்றாள்.

"தேதி முத்திரை முழுசா இருந்திருக்கும். எந்த மாசம் போனதுன்னு அதுவே சாட்சி சொல்லியிருக்கும்."

"அதை ஏன் தண்ணில ஊற வெச்சுப் பிரிச்சீங்க?"

"சட்டத்துல வரிசையா வைக்கணும்னா..."

"நூத்தி இருபத்தஞ்சு கப்பல் வெச்சிருக்கீங்க. இதுவரைக்கும் ஒண்ணாவது கரை சேர்ந்துச்சா?" என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பேச்சை மாற்றினாள். "என் தங்கச்சிகிட்ட காட்டுங்க."

"அவ பல்லுக்காரி. இதுல அவளுக்கு என்ன தெரியும்?"

"ஊர்ல இருக்கிற பல்லுக்கெல்லாம் நிறம் பார்க்கிறவ. உங்க கப்பலுக்குப் பார்க்க மாட்டாளா?"

சனிக்கிழமைக்குள் செயலாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். இரண்டாவது முறை ஒரு வழியும் சொன்னார். "தெரியாம வாங்கிட்டேன், வாபஸ் வாங்கிக்கறேன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க சார். பேரைப் படிக்காம சத்தமில்லாம முடிச்சுடலாம்." நூலகர் அந்தக் கடிதத்தை எழுதியும்விட்டார். அழகான கையெழுத்து. கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷம் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தவர். இல்லாத குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு தாளில் தன் பெயர் இருப்பதை யோசித்துப் பார்த்தார். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மச்சினிச்சியின் பல் லேபுக்குப் போனார்.

அது டாக்டர்களுக்காகச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் இடம். ஒரு நீள மேஜை, பர்னர், தூரிகைகள், ஜன்னலோரம் ஒரு நாற்காலி. நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒரு பெண். மேல் முன்பல் ஒன்று உடைந்திருந்தது.

மச்சினிச்சி கண்ணாலேயே நூலகரை ஒரு மூலையில் உட்காரச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். முதலில் அந்தப் பெண்ணின் உதட்டுச் சாயத்தைத் துடைத்தாள். கழுத்தை மூடிச் சாம்பல் நிறத் துணி கட்டினாள். பல்லைத் தண்ணீரால் நனைத்தாள். பிறகு, கொத்துச் சாவி மாதிரி ஒரு கம்பியில் கோத்த மாதிரிப் பற்களில் ஒன்றைப் பிரித்து, நல்ல பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

தலையைத் திருப்பி, சுவரில் இருந்த சாம்பல் அட்டையைப் பார்த்தாள்.

நூலகருக்குச் சிலிர்த்துப் போனது. உலகத்தில் இப்படிப் பார்க்கிற ஆள் ஒரே ஒருவர்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். இன்னொரு ஆள் தன் சொந்த வீட்டுக் கல்யாணத்தில் தனக்குப் பந்தி பரிமாறியவள். ஒரு நாளும் கேட்டதில்லை, நீ எப்படி வேலை செய்கிறாய் என்று.

"எதுக்கு நனைச்சே?" என்று கேட்டார், அந்தப் பெண் போன பிறகு.

"காஞ்ச பல்லு வெளுப்பாத் தெரியும் அத்தான். அதைப் பார்த்துப் பல்லு செஞ்சா, சிரிக்கிறப்ப ஒண்ணு மட்டும் டியூப்லைட் போட்ட மாதிரி இருக்கும்." கையைக் கழுவிக்கொண்டாள். "அக்கா எல்லாம் சொன்னா. குடுங்க குற்றவாளியை."

இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார். அவள் ஜன்னல் பக்கம் போனாள். பார்த்தாள், திரும்பினாள், பார்த்தாள். லென்ஸ் வைத்தாள். ஓரத்து ஓட்டைகளின் மேல் மெதுவாக நகர்த்தினாள்.

"இதுக்கும் பல்லு இருக்கு அத்தான். அதான் என்கிட்ட வந்திருக்கு."

"கிண்டல் பண்ணாத. என்ன தெரியுது?"

"மை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கு. அழுத்தமா இருக்கிற கோடும் சரி, மெல்லிசா இருக்கிற கோடும் சரி. கறை ஏறின பல்லு அப்படி இருக்காது, அங்கங்கே திட்டா ஏறும். ஆனா இதை வெச்சு சத்தியம் பண்ண மாட்டேன்."

"ஏன்?"

"ஒண்ணை மட்டும் பார்த்து நிறம் சொல்றவன் ஜோசியக்காரன். நிறம்னா ரெண்டு வேணும். அவர் எதை வெச்சு ஒப்பிட்டார்?"

"அவரோட தாமிரத்தை."

"அதை நான் பார்க்கணும்."

நூலகருக்குப் பக்கென்றது. கழுகின் தகரப்பெட்டியைப் போய் இன்னொருவர் பார்ப்பதா? கோர்ட்டில் நீதிபதியை எழுந்து நிற்கச் சொல்வது மாதிரி. அதையே அவளிடம் சொன்னார்.

"நின்னா என்ன? அவருக்கும் கால் இருக்குல்ல" என்றாள். "எங்க லேப்ல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஷேடு கைடையே, அதான் அந்தக் கம்பியில கோத்த பல்லையே மாத்திடுவோம் அத்தான். தொட்டுத் தொட்டு, கழுவிக் கழுவி, அதுவும் நிறம் மாறும். எல்லாத்தையும் அளக்கிற கோலை யாரு அளக்கிறது?"

நூலகர் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாக இருந்ததை எட்டாகக் கிழித்தார். அவள் குப்பைக் கூடையை நகர்த்தி வைத்தாள்.

---

ஞாயிறு பத்து மணி. நாற்பது பேரும் வந்திருந்தார்கள். வழக்கமாகக் கூட்டம் என்றால் பதினைந்து தேறாது. மனைவியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "பேரை உரக்கப் படிக்கிறாங்கன்னா, கேட்க நம்ம ஆளு ஒருத்தராவது வேணாமா?" என்று கிளம்பியவள்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "வெளியாள் ஒருத்தர் பார்க்கணும்னு சார் கேட்கிறார். சங்க விதியில அதுக்கு..."

"வரட்டும்" என்றார் கழுகு. "கண்ணு இருக்கிறவங்க யாரு வேணா பார்க்கலாம். விதி கண்ணுக்குக் கிடையாது."

மச்சினிச்சி முன்னால் வந்தாள். சாம்பல் உடை. வளையல்கூட இல்லை. கழுகு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கலரே இல்லாம வந்திருக்கீங்க."

"வேலைக்குக் கலர் உடுத்தறதில்லைங்க. என் துணியோட சிவப்பு எதிர்ல இருக்கிறவங்க பல்லுல ஏறிடும்."

கழுகின் சட்டையும் சாம்பல்தான். முப்பது வருஷமாகச் சாம்பல்தான். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வது அவர் வழக்கம். கை பாதி வழி வந்து நின்றது.

"பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பரீட்சை. வாத்தியார் புத்தி, தப்பா நினைக்காதீங்க." சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, மேஜையில் ஒரு டஜன் ஆரஞ்சுக் கப்பல்களைக் கொட்டினார். "வெளிறல்ல இருந்து அடர்த்திக்கு வரிசையா அடுக்குங்க."

நூலகருக்கே அந்தப் பன்னிரண்டை அடுக்க அரை மணி நேரம் பிடிக்கும், அதிலும் இரண்டு மூன்று தப்பும். அவள் இடுக்கியைக் கையில் எடுத்தாள். ஐந்து விநாடி பார்த்தாள். சாம்பல் துணிக்குத் திரும்பினாள். இரண்டு நகர்ந்தன. மறுபடி துணி. மூன்று நகர்ந்தன. ஆறு நிமிஷத்தில் வரிசை முடிந்தது. ஆனால் ஏழாவது இடத்தில் இரண்டைப் பக்கத்தில் வைக்காமல் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வைத்திருந்தாள்.

"இது என்ன மாடி வீடு?" என்றார் கழுகு.

"இது ரெண்டும் ஒண்ணுதாங்க. ஒண்ணு பேப்பர் அழுக்கு, அதனால அடர்த்தி மாதிரி தெரியுது. மை ஒரே மை."

கழுகு வரிசையைப் பார்த்தார். ஐந்து விநாடி. அப்புறம் நாற்பது பேரையும் பார்த்துச் சொன்னார். "ஒரே தாள்ல இருந்து நானே கிழிச்ச ரெண்டு. முப்பது வருஷத்துல இந்தப் பரீட்சையை எத்தனையோ பேருக்கு வெச்சிருக்கேன். அடுக்கினவங்க உண்டு. மாடி கட்டினது இவங்க ஒருத்தர்தான்."

அவர் குரலில் பொறாமை இல்லை. பல நாள் தனியாகப் பேசிக்கொண்டிருந்தவனுக்குப் பாஷை தெரிந்த ஆள் கிடைத்த சந்தோஷம். அவரே நாற்காலியைத் துடைத்து ஜன்னலோரம் போட்டார். அவரே தகரப்பெட்டியை எடுத்து வந்தார்.

ஒரு காலத்தில் பிஸ்கட் இருந்த பெட்டி. மூடி இறுக்கமாக இருந்தது. நகத்தால் நெம்பித் திறந்தார்.

மச்சினிச்சியின் மூக்கு லேசாகச் சுருங்கியது. நூலகர் அதைப் பார்த்தார். மற்ற யாரும் பார்க்கவில்லை.

பெட்டிக்குள் பதினாலு அட்டைகள் ஒரு கட்டாக இருந்தன. கட்டைச் சுற்றி, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய கறுப்புப் பட்டை இரண்டு சுற்று. பதினேழு வருஷத்துக்கு முன்னால் சங்கம் பழைய இடத்திலிருந்து இங்கே மாறிய அன்று, இதே மாடிப்படியில் அட்டைகள் சிதறி, கழுகு ஒவ்வொரு படியாகக் குனிந்து பொறுக்கினார். அன்றைக்குப் போட்ட பட்டை. கடைசி அட்டை தாமிரம். பட்டையின் ஓரம் அதன்மேல்தான் அழுந்திக்கொண்டிருந்தது.

கழுகு பட்டையைக் கழற்றி, தாமிர அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். பக்கத்தில் நூலகரின் தபால்தலை. மேலே இரண்டு சதுர ஓட்டை வெட்டிய சாம்பல் அட்டையைக் கவிழ்த்தார். இப்போது தெரிந்தது இரண்டு நிறம் மட்டும்.

குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். இடது பக்கம் ஆழ்ந்த பழுப்பு. வலது பக்கம் அதைவிட உயிருள்ள, செம்பு விளக்கிய மாதிரி ஒரு ஆரஞ்சு. கடைசி வரிசையில் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பார்த்தீங்களா?" என்றார் கழுகு.

"பார்த்தேங்க. ரெண்டும் ஒண்ணு இல்லை. நீங்க சொன்னது சரி." மச்சினிச்சி நிமிர்ந்தாள். "ரெண்டுல ஒண்ணு நிறம் மாறினதுதான். எதுன்னு மட்டும் கேட்கலாமா?"

அறை ஒரு விநாடி புரியாமல் இருந்தது. அடுத்த விநாடி புரிந்தது. செயலாளர் பாதி எழுந்தார். "அம்மா, அது மாதிரி அட்டை. அதை வெச்சுத்தான்..."

"உட்காருங்க" என்றார் கழுகு. "ஏன் கேட்கிறீங்க?"

"பெட்டியைத் திறந்ததும் வாசனை வந்துச்சுங்க. எங்க வேலையில பல் அச்செடுக்க ஒரு பேஸ்ட் இருக்கு. ரப்பர் கிளவுஸ் போட்டுப் பிசைஞ்சா அது இறுகவே இறுகாது, சவ்வு மாதிரி கிடக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அப்படி நாலு அச்சை வீணாக்கினேன். அப்புறம்தான் சொன்னாங்க, ரப்பர்ல கந்தகம் இருக்குன்னு. வெள்ளிக் கம்பியை ரப்பர் பேண்டு போட்டு வெச்சா கறுத்துடும்." கறுப்புப் பட்டையை இடுக்கியால் தொட்டாள். "நீங்க சொன்ன கந்தகப் புகை இதாங்க. மெதுவான புகை. மூடின பெட்டிக்குள்ள இத்தனை வருஷம்."

கழுகு பட்டையைக் கையில் எடுத்தார், மூக்கருகே கொண்டு போனார். கந்தகம் ஆரஞ்சை என்ன செய்யும் என்று இந்த அறையில் இருந்த எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். கள்ளர்களைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று தன் கையாலேயே பெட்டிக்குள் போட்ட பொருளை அவர் சந்தேகப்படவில்லை. அட்டை ஒரே நாளில் பழுத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். தினம் ஒரு தலைமுடி அகலம் மாறியது. கூடவே அவர் கண்ணும் நகர்ந்தது.

"நிரூபிக்க முடியுமா?" என்றார் கடைசியில்.

"பல்லுன்னா ஈறுக்குள்ள மறைஞ்சிருக்கிற கழுத்தைப் பார்ப்போம். வெளியில எவ்வளவு கறை ஏறினாலும் அந்த இடம் பழைய நிறத்துல இருக்கும்." அட்டையைக் காட்டினாள். தபால்தலையின் நான்கு மூலையும், ஆல்பத்தில் போட்டோ மாட்டுவார்களே, அந்த மாதிரிக் கெட்டியான முக்கோணக் காகிதத்துக்குள் செருகியிருந்தது. "அந்த மூலைக்குள்ள மை இருக்குங்களா?"

"இருக்கு. சட்டக் கோட்டோட நுனி." என்றார் கழுகு. "முப்பது வருஷமா அதை யாரும் எடுத்ததில்லை. பசை பேப்பரோட பிடிச்சிருக்கும்."

"வேண்டாங்க ஐயா!"

எல்லோரும் திரும்பினார்கள். கத்தியது நூலகர். அவருக்கே ஆச்சரியம். "கிழிஞ்சுடும். இருக்கிறதே ஒண்ணு. எனக்காக அதை... என் பேரைப் படிச்சுடுங்க. பரவாயில்லை."

கழுகு அவரை வெகுநேரம் பார்த்தார். ஐந்து விநாடி விதியெல்லாம் போயிற்று.

"புகை போட்டவன் இப்படிப் பேச மாட்டான் சார்" என்றார். "இடுக்கியைக் குடும்மா. கிழிஞ்சா கிழியட்டும். தப்பான அளவுகோல் முழுசா இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?"

காகித மூலையின் மேல் தண்ணீர் தொட்ட தூரிகையால் ஒரு கோடு போட்டார், காத்திருந்தார், இன்னொரு கோடு. நாற்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நகத்தளவு முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே தையல் மெஷின் ஒன்று ஓடி நின்றது. மூலை மெல்லத் தூக்கியது. மேலும் தூக்கியது. ஒரு பல் மட்டும் பிய்ந்து காகிதத்தோடு போயிற்று.

அடியில், பழுப்பின் முனையில், அரிசி மணியில் பாதி அளவுக்கு ஒரு ஆரஞ்சு. செம்பு விளக்கிய ஆரஞ்சு.

கழுகு சாம்பல் அட்டையை எடுத்தார். இன்னொரு புதிய அட்டையில் ஊசியால் இரண்டு ஓட்டை குத்தினார். ஒரு ஓட்டைக்குக் கீழே அந்த நுனி, இன்னொன்றுக்குக் கீழே நூலகரின் தபால்தலை. குனிந்தார்.

ஐந்து விநாடி. துணி. ஐந்து விநாடி. துணி. அட்டையைத் திருப்பி வைத்து மறுபடி.

"நீங்க பாருங்கம்மா."

அவள் பார்த்தாள். "எது எந்தப் பக்கம்னு நீங்க சொன்னாத்தான் தெரியும்."

"எனக்கும் தெரியலை" என்றார் கழுகு. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை நூலகர் பிறகு மனைவியிடம் எப்படியெல்லாமோ விவரித்துப் பார்த்தார், முடியவில்லை. தோற்றவன் முகம் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த ஒருவரை ரயிலடியில் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டவர் முகம்.

சட்டைப் பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்தார். பென்சிலால் எழுதினார். தன் தாமிரத்தின் அட்டையில் தானே செருகினார்.

'நிறம் மாற்றப்பட்டது.'

கீழே ஒரு வரி சேர்த்தார். 'என்னால்.' கையெழுத்தும் போட்டார்.

செயலாளர் மெதுவாக, "அப்ப இந்தக் கூட்டத்தை முடிச்சுக்கலாமா?" என்றார்.

"பதிவேட்டை எடுங்க. இந்தப் பதினேழு வருஷத்துல தாமிரம்னு கொண்டு வந்து, நான் இல்லைன்னு திருப்பி அனுப்பினது எத்தனை?"

பக்கங்கள் புரண்டன. "நாலு. ஒருத்தர் இறந்துட்டார். ஒருத்தர் சங்கத்தை விட்டே போயிட்டார்."

"பேரைப் படிங்க. உரக்கப் படிங்க. அடிக்கறதுக்கு இல்லை, நான் கடிதாசி எழுதறதுக்கு. இறந்தவர் வீட்டுக்கும் எழுதணும்."

செயலாளர் படித்தார். நாலு பெயர். ஒவ்வொன்றுக்கும் கழுகு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார், வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பவர் மாதிரி. பிறகு நூலகரிடம் திரும்பினார்.

"சார், உங்க கையெழுத்து அழகா இருக்கும். நான் சொல்றேன், நீங்க எழுதறீங்களா? இன்னொண்ணும் கேட்கணும். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இனிமே சங்கத்துக்கு மாதிரி அட்டை வேணும்."

நூலகர் மேஜையில் இருந்த தன் தாமிரத்தைப் பார்த்தார். பதினாலாவது பிள்ளை. புத்தகத்துக்குள் கிடைத்த அன்றிலிருந்து தினம் ஒரு முறையாவது பார்த்தது. கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். மனைவி கையை விரித்து, என்னைக் கேட்டால் என்ன சொல்ல என்பது போல் காட்டினாள். கண் மட்டும் சிரித்தது.

இடுக்கியால் எடுத்து, கழுகின் அட்டையில் வைத்தார்.

கழுகு கறுப்புப் பட்டையைக் குப்பைக் கூடையில் போட்டார். தையல் கடையிலிருந்து வெள்ளைப் பருத்தி நூல் வந்தது. அதை வைத்துக் கட்டும்போது மச்சினிச்சியிடம் மெல்லக் கேட்டார். "உள்ளே வந்ததும் என் வாயைப் பார்த்தீங்க. எதுக்கு?"

"சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"இன்னிக்கு இதுக்கு மேல என்னம்மா இருக்கு?"

"உங்க முன்பல்லு ஒண்ணு கட்டினது. யாரோ சாயங்கால வெளிச்சத்துல நிறம் பார்த்திருக்காங்க. ரெண்டு ஷேடு தப்பு."

கழுகு சிரித்தார். வழக்கமாக வாய்க்குப் போகும் கை நூல் முடிச்சில் இருந்தது, எடுக்கவில்லை. "இருபது வருஷமா எனக்கும் தெரியும். யாரும் சொல்லலையேன்னு மூடி மூடி வெச்சிருந்தேன். எப்ப வரட்டும்?"

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு. சாம்பல் சட்டையிலயே வாங்க."

படியிறங்கும்போது மனைவி நூலகரின் பக்கத்தில் வந்தாள். "அப்ப நூத்தி இருபத்தி நாலுதான் வீட்டுக்கு வருதா?"

"ஆமா."

"போகட்டும். ஒரு கப்பலாவது கரை சேர்ந்துச்சே."